அந்த உருளியில இருக்கிற பேரு

…இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன் வீரையாண்ணே, பேரை அழிக்கணும்னா பேருக்குரியவுகளே நேர்ல வந்து நிக்கணும்னு எந்தக் கோர்ட்டுல சொன்னாக? வெட்டுறதுக்கு மட்டும் யாரு வந்து நின்னாலும் வெட்டிக் குடுக்குறீகள்ல? துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாப் போதும், மெஷினைப் போட்டு கிர்ருன்னு வெட்டித் தள்ளுறீக. அழிக்கிறதுன்னா மட்டும் ஆளு வரணும். நல்லா இருக்குண்ணே உங்க சட்டம்.

கோவிச்சுக்காதீக. வெயில்ல வந்த எரிச்சல். காரைக்குடியில பாத்திரத்துல பேரு வெட்ட உங்களை விட்டா ஆளு இல்லைன்னுதானே கோட்டையூர்லேருந்து ஆட்டோ பேசி வந்திருக்கேன். இந்தா பாருங்க, ஒரே ஒரு உருளி. வெண்கலம். விளிம்புல 'சிகப்பி'ன்னு இருக்கா? அதைத் தேய்ச்சு எடுத்துப்புட்டு அதே எடத்துல 'லோசனி'. மூணே எழுத்து. நீங்க ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம். நாளைக் காலையில பத்து மணிக்கு இது எங்க வீட்டு அடுப்புல இருக்கணும், என் பேரோட இருக்கணும். இல்லாட்டி என் மானம் போச்சு.

எதுக்குன்னு கேக்க மாட்டேங்கிறீகளே. சரி, கேக்காட்டியும் சொல்றேன்.

நீங்க போன் பாப்பீகள்ல? இன்ஸ்டாகிராம்? 'லோசனி ஆச்சி வீட்டுச் சமையல்'னு வருமே, வெள்ளைப் பணியாரம் எண்ணெயில மெதந்து வர்றாப்புல ஒரு படம், அதுக்குப் பக்கத்துல ஒரு மூஞ்சி… அந்த மூஞ்சி நாந்தான். அதுல கொஞ்சம் கலரா இருப்பேன், அது லைட்டு. அறுபத்திரண்டாயிரம் பேரு பாக்குறாக. கனடாவுலேருந்து ஒரு பொண்ணு, உங்க கந்தரப்பத்தைப் பாத்துத்தான் ஆச்சி எனக்கு மசக்கை வாந்தி நின்னுச்சுன்னு எழுதியிருக்கு. நான் அதைப் படம் புடிச்சு மேல பின் பண்ணி வச்சிருக்கேன். அப்படின்னா முதல்ல அதுதான் தெரியும். அதெல்லாம் ஒரு படிப்புண்ணே. மூணு நாளு ஆன்லைன்ல கிளாஸ் போனேன். சென்னைப் பையன், என் மக வயசுதான் இருக்கும், சொல்றான்: மேடம், சமையல் எல்லாருந்தான் செய்வாங்க, நீங்க யாருங்கிறதுதான் பிராண்டு. சாப்பாட்டை விக்காதீங்க, கதையை வித்துடுங்கன்னான். எனக்குப் பொட்டுன்னு பட்டுச்சு.

கதைக்கு எங்க போறது? அப்பத்தான் அறைக்குள்ள இந்த உருளி கண்ணுல பட்டுச்சு. புளியப் போட்டுத் தேய்ச்சேன் பாருங்க, அப்படியே மூஞ்சி தெரிஞ்சுச்சு. அதுல கும்மாயத்தைக் கிண்டி, கருப்பட்டிப் பாகு கொதிக்கிறதைக் கிட்டக்கப் புடிச்சு, 'வணக்கம் மக்களே, நான் உங்க லோசனி ஆச்சி, இது எங்க வீட்டு உருளி, ஏழு தலைமுறையாக் கும்மாயம் கிண்டுன உருளி'ன்னு ஒரு போடு போட்டேன். பிச்சுக்கிட்டுப் போச்சு. அன்னையிலேருந்து அதுதான் என் ஆரம்பமே. வணக்கம் மக்களே, நான் உங்க லோசனி ஆச்சி, இது எங்க வீட்டு உருளி. ரோட்டுல போனாச் சின்னப் புள்ளைக சொல்லிக் காட்டுதுக. பஸ்ஸுல கண்டக்டரு சொல்றாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, போன வாரம் வரைக்கும்.

நாந்தான் கெடுத்துக்கிட்டேன்… அதாவது புளிதான் கெடுத்துச்சு. ரொம்பத் தேய்ச்சதுல அழுக்குக்குள்ள கெடந்த பேரு பளிச்சுன்னு மேல வந்துருச்சு. நான் பாக்கலை. மினுமினுப்பு தெரியட்டும்னு உருளியச் சாச்சு வேற காமிச்சிருக்கேன். எவளோ ஒருத்தி, பூனைப் படம் போட்ட ஐடி, அதை அப்படியே பெருசு பண்ணிச் செவப்பு வட்டம் போட்டு, 'லோசனி ஆச்சி, உருளியில சிகப்பின்னு இருக்கே, அது யாரு?'ன்னு கேட்டிருக்கு. பக்கத்துல ஒரு இதயம் வேற. கேட்டுச்சா, போச்சா. அதுக்கடியில வந்தாங்கெ பாருங்க ஒவ்வொருத்தனும். வாடகை உருளியா ஆச்சிங்கிறான் ஒருத்தன். அடுத்த வீட்டு உருளியிலதான் கும்மாயம் ருசிக்குமாங்கிறான் இன்னொருத்தன். நானூத்திப் பன்னெண்டு பேரு சிரிச்சிருக்காங்கெண்ணே. நம்ம சிரிச்சிருக்கோமா யாரையாச்சும் பாத்து? சரி, சிரிச்சிருக்கோம். ஆனா நேர்லயா சிரிச்சோம்?

இந்த நேரத்துலதான் அந்த ஹோட்டல் விசயம். எங்க ஊருல அந்தப் பெரிய வீட்டை ஹோட்டலாக்கியிருக்காகள்ல, வெள்ளைக்காரக வந்து தங்குறாகளே, அங்க மாசம் ரெண்டு தடவை நான் சமையல் சொல்லிக் குடுக்கணுமாம். அங்கன இருக்கிற பொண்ணு, தீக்ஷான்னு பேரு, நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருது. ஆச்சி, உங்க பேஜ்ல அந்த உருளிப் பிரச்சினை என்னன்னு போன்ல கேட்டுச்சு. கேட்டதே தன்மையாத்தான் கேட்டுச்சு. ஆனா நான் பயந்துபோயி, அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ நேர்ல வா, உருளியையே காட்டுறேன்னுட்டேன்.

அதுக்குத்தாண்ணே வெட்டச் சொல்றேன். பாத்தீகளா, எம்புட்டுச் சின்ன விசயம்.

என்ன? சிகப்பி யாருன்னா கேக்குறீக?

அது வந்து… எங்க மாமியாவுக்கு மாமியா. அவுக காலமாகி அம்பது வருசமாச்சு. நான்கூடப் பாத்ததில்ல. அதனாலதான் சொல்றேன், ஆளு எங்கேருந்துண்ணே நேர்ல வரும்? அந்தச் சென்னைப் பையன் கிளாஸ்ல என்ன சொன்னான்னா, தப்பா கமெண்ட் வந்தா சண்டை போடாதீங்க, அதையே கதையாக்குங்கன்னான். ஆக்கினேன். 'சிகப்பி ஆச்சிங்கிறது எங்க குடும்பத்துப் பெரியவுக, உருளிய எங்களுக்கு விட்டுட்டுத் தெய்வமாயிட்டாக'ன்னு பதில் போட்டேன். அவ்வளவுதான், அத்தனை பேரும் அப்படியே மாறிட்டாங்கெ. கும்பிடுற கையாப் போடுறாங்கெ. ஒருத்தி, ஆச்சி, அவுக படம் இருந்தாப் போடுங்க, பாக்கணும் போல இருக்குன்னு கேட்டா. ஆசையாக் கேக்குறாளேன்னு ஒரு படத்தைப் போட்டேன். மாலை ஒண்ணு வரைஞ்சு விடுற வசதி போன்லயே இருக்குண்ணே. மாலையும் போட்டு, பக்கத்துல ஒரு விளக்கும் எரிய விட்டு, பின்னால லேசா நாதஸ்வரம். மூணு லட்சம் பேரு பாத்தாங்கெ. என் வாழ்நாள்ல மூணு லட்சம் பாத்ததில்ல.

ஏண்ணே அப்படிப் பாக்குறீக? நீங்களும் பாத்தீகளா அதை?

அந்தப் படம் கலர்ல இருந்துச்சா… ஆமா. அம்பது வருசத்துக்கு முன்னால கலர்ப்படமான்னா… பணக்காரக வீடுல்லண்ணே அப்பல்லாம்.

ஏன் உருளியத் திருப்புறீக? என்னது, இது உளி வெட்டு இல்லையா? மெஷினு வெட்டா? எனக்கென்னண்ணே தெரியும் உளிக்கும் மெஷினுக்கும். ஓ. உளின்னா ஆழமா விழுகும், மெஷின்னா மேலாப்புல ஓடும், அம்பது வருசத்துக்கு முன்ன மெஷினே கெடையாது. சரி. அந்தப் 'பி'யோட கொக்கிய எதுக்குக் காட்டுறீக? அந்தக் கொக்கி… உங்க கை வெட்டா? நீங்களேவா வெட்டுனீக?

ஒரு நிமிசம் இருங்கண்ணே. அந்த ஸ்டூலை இங்குட்டுப் போடுங்க. உக்காந்துக்கிறேன்.

தண்ணி இருந்தாக் குடுங்க.

சரி. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. சிகப்பி எங்க மாமியாவுக்கு மாமியா இல்ல. என் நாத்தனா. என் வீட்டுக்காரகளுக்கு மூத்தவுக, அக்கா. தேவகோட்டையில குடுத்திருந்துச்சு. பன்னெண்டு வருசத்துக்கு முன்ன அவுக வீட்டுக்காரகளுக்கு அறுபதாங் கல்யாணம் வந்துச்சுல்ல, அதுக்கு அந்த வீட்டுக்காரகளே கடைக்கு வந்து ஆச்சிக்குன்னு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்த உருளி. இந்தக் கடைதான் போல. உங்களுக்கே ஞாபகம் இருக்கா? ஆமா, ஒசரமா, நெத்தியில திருநீறு, வாய் ஓயாமச் சிரிப்பாக. அவுகளேதான். மறுவருசமே அந்த வீட்டுக்காரக காலமாயிட்டாக. அப்புறம் தேவகோட்டை வீட்டை வித்தாச்சு. ஆச்சி மகன்கிட்ட கோயம்புத்தூருக்குப் போயிட்டாக. சாமானெல்லாம் அங்க வைக்க எடமில்லன்னு எங்க அறையில கொண்டாந்து வச்சு, சாவிய என் கையில குடுத்து, லோசனி, இந்த உருளி பேத்தி கல்யாணத்துக்கு, மத்ததெல்லாம் நீ பொழங்கிக்கன்னாக.

மத்ததையெல்லாம் பொழங்கிக்கன்னாக. நான் இதை எடுத்தேன்.

உசுரோடதாண்ணே இருக்காக. ஏன், கல்லு மாதிரி இருக்காக. காலையில நடக்கப் போறாக, யோகா பண்றாக. போன செவ்வாக்கிழமை மாலை போட்டு விளக்கேத்தி விட்டேனா, புதன்கிழமை காலையில அவுக வீட்டு வாசல்ல நாலு பேரு துக்கம் கேட்டு நின்னிருக்காக. ஆச்சியே போயிக் கதவைத் தொறந்திருக்காக. அதுல ஒரு அம்மாவுக்கு மயக்கமே வந்துருச்சாம். பினாங்குலேருந்து போன். மகனோட ஆபீஸ்ல ஒரு நாளு லீவு எடுத்துக்கிடச் சொன்னாகளாம். ஆச்சி அந்த வீடியோவுக்குக் கீழேயே வந்து, 'நான் நல்லா இருக்கேன் லோசனி'ன்னு எழுதியிருக்காக. வேற ஒரு வார்த்தை இல்ல. திட்டு இல்ல. நல்லா இருக்கேன் லோசனி.

நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? போலி ஐடின்னு போட்டு பிளாக் பண்ணிப்புட்டேன்.

சிரிக்காதீகண்ணே. அழுக வருது.

பதினேழு தடவை போன் போட்டுட்டாக. நான் எடுக்கலை. என்னத்தைச் சொல்லி எடுக்குறது? ஆச்சி எழுதுனதைப் பாத்துட்டுத்தான் தீக்ஷாவும் கேட்டுச்சு, உருளியில என் பேரு இருந்துட்டா அந்தப் பேச்சே அத்துப் போகும்னு நெனச்சேன். இவுக இருக்காகள்ல, என் வீட்டுக்காரக, காலையில பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டு, ஆச்சி உன்கிட்டப் பேசணுமாம்னாக. பேப்பரை எறக்கவே இல்ல. நான் உருளியத் தூக்கி ஆட்டோவுல வச்சுக்கிட்டு வந்துட்டேன். வேலைக்கு வர்ற அழகிகிட்டத்தான், பேரு வெட்டப் போறேன், யாராச்சும் கேட்டாச் சொல்லுன்னுட்டு வந்தேன்.

உங்களுக்குத் தோணும், ஏன் இம்புட்டுப் பாடு, உன் சாமான்ல கும்மாயத்தைக் கிண்ட வேண்டியதுதானேன்னு. எனக்கும் கல்யாணத்துல சீர்ச் சாமான் வச்சாக. ஹால் நெறையப் பரப்பி வச்சாக, கால் வைக்க எடமில்ல. அண்டா, கொப்பரை, தூக்குவாளி, எல்லாத்துலயும் 'லோசனி', 'லோசனி', 'லோசனி'. பதினஞ்சு வருசத்துக்கு முன்ன, யாரு இதுகளைத் தேய்க்கிறதுன்னு, ரெண்டு நடை ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்து, இந்தா, இதே கடையில போட்டுட்டு நான்ஸ்டிக் செட்டு வாங்கிக்கிட்டுப் போனேன். கருப்புக் கலரு. கண்ணாடி மூடி. வாங்குன அன்னைக்கு என்னமா இருந்துச்சு. இப்ப ஒண்ணுல கூட ஒட்டாமத் தோசை வராது.

அன்னைக்கு நீங்க இங்கனதான் உக்காந்திருந்தீக. ஆச்சி, பேரோட போடுறீகளேன்னு கேட்டீக. நான்தான், பேருல என்ன இருக்கு வீரையாண்ணேன்னேன். என் வாய்.

அப்புறம் பாருங்கண்ணே, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல ரெண்டே பேரு. இவுக என்னை 'ஏய்'னு கூட கூப்பிடுறதில்ல, தொண்டையச் செருமுவாக, அதுதான் நான். இன்னார் மருமக, இன்னார் வீட்டு ஆச்சி, இன்னாருக்கு அம்மா. லோசனின்னு ஒருத்தி இருந்தாங்கிறதே எனக்கு மறந்து போச்சு. அந்த பேஜ்ல மொத மொதல்ல யாரோ ஒரு பொண்ணு, 'லோசனி ஆச்சி, உங்களை ரொம்பப் புடிக்கும்'னு எழுதுனப்ப, சத்தியமாச் சொல்றேன், போனை வச்சுட்டு அழுதேன். அதைத்தான் காப்பாத்தப் பாத்தேன். பிராண்டு கிராண்டெல்லாம் எனக்கு என்ன தெரியும். என் பேரை நாலு பேரு சொல்லணும், அம்புட்டுத்தான் ஆசை. அதுக்கு அடுத்தவுக பேரை அழிக்க வந்து உக்காந்திருக்கேன்.

சரி, தத்துவமெல்லாம் இருக்கட்டும். மெஷினைப் போடுறீகளா? தீக்ஷா நாளைக்கு வந்துரும்ணே. ஒரே ஒரு தடவை. அந்தப் பொண்ணு போனதும் திரும்ப எடுத்துட்டு வாரேன், 'லோசனி'ய அழிச்சுட்டு 'சிகப்பி'ன்னு வெட்டிருவோம். நான்தான் நேர்ல வருவேனே, அழிக்கச் சொல்ல. உங்க சட்டமும் கெடாது.

எதுக்கு எந்திரிக்கிறீக? என் பின்னாடி யாரைப் பாத்துக் கும்பிடுறீக?

…

வாங்க ஆச்சி.

வாங்க வாங்க. எப்ப வந்தீக? காலையில பஸ்ஸா? அழகி சொன்னாளா இங்கன இருக்கேன்னு? அவ வாயை நான் கட்டி வச்சிருக்கணும். உக்காருங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க, நான் நின்னுக்கிறேன். யாரு இது, உங்க பேத்தி அக்ஷராவா? எம்புட்டு வளந்துட்டே. போன்ல பின்னாடி அது என்ன படம்… பூனையா? நீதானாம்மா அது. இல்ல, ஒண்ணுமில்ல. நல்ல பூனை.

ஆச்சி, உருளிய விடுங்க, என்னைப் பாருங்க. திட்டிப்புடுங்க. வீரையாண்ணே முன்னால திட்டுனாலும் பரவாயில்ல, அவருக்குப் பூராவும் தெரியும். நான் மாலை போட்டது தப்பு. விளக்கேத்துனது அதை விடத் தப்பு. நாதஸ்வரம்… அது தானா வந்துருச்சு ஆச்சி, போன்லயே இருந்துச்சு.

என்ன? கேட்டிருந்தாக் குடுத்திருப்பீகளா?

தெரியும் ஆச்சி. கேட்டாக் குடுத்திருப்பீகன்னு எனக்குத் தெரியும். ஆனா கேட்டா, அது உங்க உருளின்னு ஆயிருமே.

அழலை ஆச்சி. வெயிலு. நீங்களும் அழாதீக, ஒங்க கண்ணுல மை வேற போட்டிருக்கு. எதுக்கு மை போட்டிருக்கீக? இது எந்தச் சேலை, அறுபதுக்கு எடுத்த சேலையா? இம்புட்டு நல்லா உடுத்திக்கிட்டு ஏன் பஸ்ஸுல…

அக்ஷரா, ஏன் போனைத் தூக்குறே? லைவா? எதுக்குத்தா லைவு? ஆச்சி கேட்டாகளா?

ஓ. ஊரு பூராவும் செத்துட்டாகன்னு சொல்லியாச்சு, உசுரோட இருக்காகன்னு இவுக சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாக. போலின்னு போட்டு எழுதுறாக. அதனால நான் சொல்லணும். என் பேஜ்லேருந்து. என் வாயால.

ஆச்சி, தீக்ஷா நாளைக்கு வரும் ஆச்சி… பாத்துரும்… சரி. பாக்கட்டும். வரட்டும் வராமப் போகட்டும். இந்தா என் போனு, அக்ஷரா, நீயே புடி. வீரையாண்ணே, அந்த உருளிய இங்குட்டுக் குடுங்க. தேய்க்கலையே? நல்ல வேளை. பேரு இருக்கிற பக்கத்தைத் திருப்புங்க.

ஆரம்பிச்சிருச்சா?

வணக்கம் மக்களே. நான் உங்க லோசனி ஆச்சி. இது… இது எங்க வீட்டு உருளி இல்ல. ஏழு தலைமுறையும் இல்ல, பன்னெண்டு வருசம். இவுக வீட்டு உருளி. இவுகதான் சிகப்பி ஆச்சி, என் நாத்தனா. நல்லா உசுரோட இருக்காக. இவுகளைக் கொன்னது நாந்தான். இவுக புருசன் வாங்கிக் குடுத்த உருளிய, இவுகளைக் கேக்காம எடுத்து, உங்களுக்கெல்லாம் கதை சொன்னேன். என் பேரு வெட்டுன சாமான் எதுவும் என்கிட்ட இல்ல மக்களே. எல்லாத்தையும் நானே கொண்டாந்து போட்டுட்டேன். ஆச்சி, என்னை மன்னிச்சுக்கங்க.

…என்ன அக்ஷரா, ஏன் கண்ணை இப்படி முழிக்கிறே? எத்தனை பேரு பாக்குறாக?

எம்புட்டு?

இப்பவா? இந்த நிமிசமா? இன்னும் ஏறுதா?

ஆச்சி… ஆச்சி, கொஞ்சம் இங்குட்டு வந்து வெளிச்சத்துல நில்லுங்க. உருளிய நெஞ்சுக்கு நேராப் புடிங்க, உங்க பேரு தெரியுற மாதிரி.